கான்டெசா வாங்கப் போற பேரனுக்கு

வாடா பேராண்டி. ஓசூர்ல ஒரு கான்டெசா பாத்து வச்சுக்கீறியாமே? உங்கம்மா வெடியக்காலையிலயே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. "சிறுசேரியில ராத்திரி பகலா கம்ப்யூட்டரைப் பாத்து சம்பாரிச்ச காசை, பழைய இரும்புல கொட்டப் போறான். நீங்க ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க மாமா"ன்னா. நல்ல வார்த்தைக்கு நம்ம கிட்ட ஏது பஞ்சம்? கேளம்பாக்கத்துல நெலம் வித்தவன் பாதிப் பேரு என் கிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் வித்தான். கேக்காம வித்தவங்க நல்லா கீறாங்க.

மொதல்ல அந்த புரோக்கர் இன்னா சொன்னான், சொல்லு. ஒரிஜினல் பெயிண்ட்டு, ஒரிஜினல் இன்ஜினு, சிங்கிள் ஓனரு, டாக்டர் ஓட்டுன வண்டி. சரிதானே? எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்தக் காலத்து டாக்டருங்க ஊசி போட எப்பப் போனாங்கன்னே தெரியல. இந்த ஊர்ல வெலைக்கு வர்ற அத்தனை பழைய காரும் டாக்டர் ஓட்டுனதுதான். ஒரு கசாப்புக் கடைக்காரன், ஒரு கள்ளச் சாராய வியாபாரி கூடவா கார் வாங்கல?

நீ அதை 'இந்தியாவோட மசில் கார்'னு சொல்லிக்கினு திரியிறதாக் கேள்வி. அமெரிக்காவுல மசில் காருன்னா இன்னான்னு தெரியுமா? 1964-ல பான்டியாக் கம்பெனிக்காரன் ஜி.டி.ஓ.ன்னு ஒண்ணு வுட்டான். நடுத்தர சைஸ் வண்டிக்குள்ள, பெரிய காருக்குச் செஞ்ச 6.4 லிட்டர் வி8 இன்ஜினைத் திணிச்சான். வாலிபப் பசங்க வரிசையில நின்னு வாங்குனானுங்க. நம்ம ஆளுங்க அவனை வுட கெட்டிக்காரங்க, அதையே தலைகீழாச் செஞ்சாங்க. இங்கிலாந்துல வாக்ஸால் கம்பெனி 1972-ல கொண்டாந்த விக்டர் காரு. அங்க அதுக்கு ஆயுசு முடிஞ்சதும் அச்சையெல்லாம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கியாந்து, 1984-ல கான்டெசான்னு பேரு வச்சு வுட்டாங்க. மூஞ்சியப் பாத்தா சண்டைக்கு வர்றாப்புல இருக்கும். பேனட்டைத் தூக்கினா உள்ள அம்பாசிடரோட 1,489 சி.சி. இன்ஜின், அம்பது குதிரை சக்தி. திருப்போரூர்த் தேருக்கு ஆட்டுக்குட்டியப் பூட்டுன கதை. அப்புறம் அவங்களுக்கே வெக்கமாப் போயி, ஜப்பான் இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் இன்ஜினும் அஞ்சு கியரும் போட்டு 'கிளாசிக்'னாங்க. அது ஓடுச்சு, இல்லன்னு சொல்லல. மேட்டுல ஏசியப் போட்டுக்கினே ஏறுன வண்டி அது.

ஆக, உன் வண்டியோட ஒடம்பு இங்கிலீஷ்காரன் போட்ட அச்சு, நெஞ்சு ஜப்பான்காரன், பொறந்த ஊரு கல்கத்தா பக்கத்துல உத்தர்பாரா. இதுல எதை ஒரிஜினல்னு காசு கேக்குறான் அவன்?

கம்பெனிக்காரனே ஆல்டர் பண்ணித்தான் வித்தான்டா. நம்ம பக்கத்துலயே கதை கீது. இங்க வண்டலூர் ரோட்டைப் புடிச்சுப் போனா, பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்துச்சு. இப்ப அந்த எடத்துல அடுக்குமாடியும் ஆபீஸும் நிக்குது. 1985-ல அவன் ஸ்டாண்டர்டு 2000னு ஒரு காரு வுட்டான். சீமையில அந்த ஒடம்புக்கு ரோவர் எஸ்.டி.1னு பேரு, 1977-க்கான ஐரோப்பாவோட சிறந்த காருன்னு பரிசு வாங்குனது. அங்க அதுக்கு 3,500 சி.சி. வி8. இங்க? பழைய வேன்கார்டு வம்சத்து 1,991 சி.சி. இன்ஜின். அந்த வம்சம் எதுக்கு ஒழைச்சதுன்னு கேளு. ஃபெர்குசன் டிராக்டருக்கு! மந்திரி, மில் மொதலாளியெல்லாம் கோட்டு போட்டுக்கினு பின் சீட்டுல சாஞ்சிருக்க, முன்னால உழுதுக்கினு போச்சு. 1988-ல கதவைச் சாத்திட்டான். இன்னிக்கு அந்த வண்டிய எவனாவது 'அக்மார்க் ஒரிஜினல்'னு சொல்லி வித்தா, எந்த ஒரிஜினல்னு கேளு. ரோவரா, டிராக்டரா?

சிரிக்காத. இதே கூத்து அமெரிக்காவுலயும் கீது, ஆனா காசு மட்டும் கோடியில. ஸ்டீவ் மெக்வீன் நடிச்ச 'புல்லிட்'னு ஒரு படம், 1968. சான்பிரான்சிஸ்கோ மேட்டுலயும் பள்ளத்துலயும் பச்சை மஸ்டாங்குல எகிறி எகிறிப் பறப்பான். படம் முடிஞ்சதும் அந்தக் காரு கை மாறி, 1974-ல ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்குச்சு. அந்த அம்மா அதுலதான் வேலைக்குப் போய் வந்துக்கினு இருந்தாங்க. மெக்வீனே லெட்டர் போட்டு, திருப்பிக் குடுங்கன்னு கேட்டான், குடுக்கல. அப்புறம் ரிப்பேராகி கொட்டாயில கெடந்துச்சு. துரு புடிச்சு, பெயிண்ட் உரிஞ்சு. அதை அப்படியே, டிங்கரிங் பாக்காம, பட்டி வைக்காம, 2020 ஜனவரியில ஏலத்துல வுட்டாங்க. 34 லட்சம் டாலருக்குக் கேட்டான் ஒருத்தன். ஏலக்காரன் கமிஷனும் சேந்து 37 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

ஒரிஜினலுக்குக் குடுத்த காசுன்னு எல்லாரும் தலையாட்டுறாங்க. ஆனா அந்த வண்டியில கம்பெனி குடுத்த சஸ்பென்ஷனை ஷூட்டிங்குக்காக மாத்திக்கீறாங்க, கேமரா மாட்ட அடியில கம்பிய வெச்சு வெல்டிங் அடிச்சுக்கீறாங்க, மூஞ்சியில இருந்த கம்பெனி முத்திரையக் கழட்டிட்டாங்க. அத்தனையும் ஆல்டரேஷன். அதை யாராவது 'சரி பண்றேன்'னு கம்பெனி கணக்குப்படி மாத்தியிருந்தா பாதி வெலைக்குக் கூடப் போயிருக்காது. நட்சத்திரம் கை வச்சு ஆல்டர் பண்ணா அது சரித்திரம். எங்க மேஸ்திரி கை வச்சா அது ஓட்டை.

வெலை எப்படி ஏறுதுன்னு உனக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், காசு கேக்க மாட்டேன். பத்து வயசுல ரோட்டோரம் நின்னு ஒரு வண்டிய வாயப் பொளந்து பாத்தவன், அம்பது வயசுல கையில காசு வந்ததும் அதைத் தேடுவான். அவன் தேடுறப்ப வெலை ஏறும். அமெரிக்காவுல அறுவதுகள்ல வாலிபமா இருந்த கூட்டம், 2000-க்கு மேல மசில் காரை ஏத்தி வுட்டுச்சு. 2008-ல பேங்கெல்லாம் கவுந்தப்ப அந்த வெலையும் கூடவே கவுந்துச்சு. ஏங்குறவன் கெழவனாகிப் போய்ச் சேந்தான்னா, அவன் வண்டிய அவன் பேரன் எடைக்குக் கேப்பான். இதெல்லாம் சரி. நீ எப்ப ஏங்குன? கான்டெசாவை 2002-ல நிறுத்திட்டான். அப்ப உனக்குப் பால் பல்லு கூட வுழல. நீ பாத்ததெல்லாம் டிவியில, வில்லன் எறங்கி கதவைச் சாத்துறதை. அது உன் ஏக்கம் இல்லடா, உங்கப்பன் ஏக்கம். அவனால முடியாததை உன் தலையில கட்டிக்கீறான். கேட்டுப் பாரு, முழிப்பான்.

ஏக்கத்தை மட்டுமே தனியா விக்கிறவங்களும் கீறாங்க. 2017-ல அம்பாசிடர்ன்ற பேரை, வெறும் பேரை, பிரான்ஸ் பீஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்குச்சு. வண்டி இல்ல, நாலு சக்கரம் இல்ல, பேரு மட்டும். உன் கான்டெசா பேரும் 2022-ல வேற கம்பெனிக்குக் கை மாறிடுச்சு. ஒரகடத்துல புல்லட் கம்பெனி இன்னும் சாமர்த்தியம்: புத்தம் புது வண்டியச் செஞ்சு, டேங்க்குல கையால தங்கக் கோடு இழுத்து, தாத்தா காலத்து வண்டியாட்டம் வுடுறாங்க. பழசு வேணும், ஆனா செல்ஃபு ஸ்டார்ட்டு வேணும். அவனுக்குத் தெரியும் உங்களைப் பத்தி.

இனி சட்டம். இதை மட்டும் காதைக் குடுத்துக் கேளு. 2021-ல மத்திய சர்க்காரு பழைய வண்டிக்குன்னு விதி போட்டாங்க. அம்பது வருஷம் தாண்டியிருக்கணும், ஒரிஜினல் உருவத்துலயே இருக்கணும், அப்பத்தான் விண்டேஜ். நம்பர் பிளேட்டுல 'வி.ஏ.'ன்னு வரும், புதுசாப் பதிய 20,000 ரூபா. கான்டெசா பொறந்தது 84. அம்பது ஆகுறது 2034. அதுவரைக்கும் அது விண்டேஜ் இல்லப்பா, வெறும் பழைய வண்டி. சரி, விண்டேஜ் ஆச்சுன்னே வை, அதை தெனம் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பாக்கன்னு போய் வரலாம். ஒரிஜினலா வச்சா ஆபீஸ் போவ முடியாது. ஆல்டர் பண்ணா பிரேக் இன்ஸ்பெக்டர் புடிப்பாரு. கம்பெனி குடுத்த அளவுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு சொல்லுது. கேரளாவுல இருந்து போன வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில அதையேதான் சொல்லுச்சு. இன்ஜினையே மாத்துறதுன்னா ஆர்.டி.ஓ. கிட்ட அனுமதி வாங்கி ஆர்.சி. புக்குல ஏத்தணும். உன் புரோக்கர் காட்டுன புக்குல பெட்ரோலுன்னு இருந்து, வண்டி டீசல் பொகை வுட்டா, ஓசூர்லயே டீ குடிச்சுட்டு பஸ் ஏறிடு.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா, ஒரு சின்ன காந்தம் எடுத்துக்கினு போ. கைக்குட்டையில சுத்தி வச்சுக்க, பெயிண்ட்டுல கோடு வுழக் கூடாது. கதவோட கீழ் வெளும்பு, சக்கரத்து மேல் வளைவு, டிக்கி ஓரம், இந்த எடத்துலயெல்லாம் மெதுவா இழு. தகடு இருந்தா 'டப்'புனு புடிக்கும். பட்டி இருந்தா வழுக்கிக்கினு போவும். ஒரு விரக்கடை வழுக்குனா பரவால்ல. ஒரு சாண் வழுக்குனா அது காரு இல்ல, சுவர். அப்புறம் கால் மிதியடிய எடுத்துட்டு தரைய அழுத்திப் பாரு. செஸ்ஸி நம்பர் மேல காயிதத்தை வச்சு பென்சிலைச் சாய்ச்சுத் தேய். எழுத்து ஒரே ஆழத்துல வரணும். ஒண்ணு மட்டும் ஆழமா வந்தா அதுக்கு ஒரு கதை இருக்கும், அந்தக் கதைய போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுவாங்க.

எல்லாம் சரியா இருந்தாலும் நிறுத்தப் போறது எங்க? இங்க. கெழக்கால கோவளம், நடுவுல கழி, அதை ஒட்டி உப்பளம். நம்ம வூட்டு கேட்டு கீலே மூணு மழைக்காலம் தாங்கல. ஓசூர் குளுருல முப்பது வருஷம் பொழைச்ச ஒரிஜினல் பெயிண்ட்டு, நம்ம உப்புக் காத்துல மூணே வருஷத்துல சொறி புடிச்சுடும். பிளாஸ்டிக் தார்ப்பாயப் போட்டு மூடிடுவேன்னு நெனைக்காத. ஈரம் உள்ள மாட்டிக்கினு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

மாத்துறதே பாவம்னு நான் சொல்லல. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து 1988-ல ஃபார்முலா மாருதின்னு ரேஸ் வண்டியே கட்டுனாரு. நரேன் கார்த்திகேயன் அந்த ஜாதி வண்டியில ஆரம்பிச்சு 2005-ல ஃபார்முலா ஒன்னுக்கே போனாரு. அது வேலை தெரிஞ்சவன் செஞ்ச மாத்தல். உன் சிநேகிதன் ஒருத்தன் ஆர்.எக்ஸ். 100 வச்சுக்கீறானே, அவன் செஞ்சது இன்னா? சைலன்சருக்குள்ள இருந்த குழலை உருவிட்டான். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சர்தான்டா பாதி இன்ஜின். வெளிய போற பொகையோட அழுத்தம் திரும்பி வந்து தள்ளுறதுலதான் புதுப் பெட்ரோல் சிலிண்டருக்குள்ள நிக்குது. குழலை உருவுனான், இழுவை போச்சு, சத்தம் வந்துச்சு. 98 சி.சி. வண்டிய வச்சுக்கினு தையூர் வரைக்கும் நாயெல்லாம் எழுப்புறான். என் கன்னுக்குட்டி கயித்தை அறுத்துக்கினு ஓடுச்சு, அதைத் தேடிப் புடிக்கவே பொழுது போச்சு.

நீ மாத்துறதா இருந்தா பிரேக்கை நல்லாப் பண்ணு, ஒயரிங்கைப் புதுசாப் போடு, அதுக்கு எவனும் கொறை சொல்ல மாட்டான். கழட்டுன ஒவ்வொரு சாமானையும் துணியில சுத்தி, சீட்டு எழுதிப் பரண்ல போடு. புதுப்பேட்டைக்காரன் கிட்ட எடைக்குப் போட்டுடாத. பத்து வருஷம் கழிச்சு அதையே அவன் கிட்ட பத்து மடங்கு குடுத்து வாங்குவ.

ஓசூர்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா? இல்லையா? நல்லதாப் போச்சு.

இல்ல, சும்மா கேட்டேன். நம்ம மாட்டுக் கொட்டாயில, வைக்கோலுக்குப் பின்னால, கோணி போத்துன ஒண்ணு கீதே, சின்ன வயசுல நீ அதுல ஏறி ஹாரன் அடிச்சிருக்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு கதவு, மார்க் 3, அறுவத்தொம்பது மாடல். சீமையில கூட இந்த நாலு கதவு கெடையாது, நம்ம ஸ்டாண்டர்டுக்காரன் மட்டும் செஞ்சது. முன் பக்கம் மொத்தமும் பேனட்டோட சேந்து தூக்கும், கட்டில்ல குந்திக்கினே வேலை பாக்கலாம். இருவத்தஞ்சு அடியில திரும்பும். அம்பது வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு, நாளைக்கே வி.ஏ. நம்பர் கேக்கலாம். இன்ஜின் ஒரிஜினல். பெயிண்ட்டு ஒரிஜினல். ஓட்டுனது எங்க மச்சான், அரசாங்க ஆஸ்பத்திரியில கம்பவுண்டர், கிட்டத்தட்ட டாக்டர்தான்.

வெலையப் பத்தி நமக்குள்ள இன்னா, சாயங்காலம் வா பேசிக்கலாம். உங்கம்மா கிட்ட இப்பக்கிச் சொல்லாத. அந்தக் காந்தத்தை மட்டும் வூட்டுலயே வச்சுட்டு வா.