பாத்துப் போட்டுக் குடுங்க

எலெக்ட்ரானிக்கை நம்பிப் போனவர்கள் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பது பெங்களூர் பொம்மனஹள்ளிக்காரர்களுக்குத் தெரியும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சாயங்காலம் கிளம்பினால் ஓசூர் ரோடு மனசு வைக்கவேண்டும். ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் கோஷ்டிக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று.

ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்து ஆபிங்டன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஐந்து பேர். ஒத்திகை வெள்ளிக்கிழமை என்பதால் கோஷ்டிக்கே 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்தார்கள், கற்பனை அவ்வளவுதான். 1991-ல் சேர்த்துக்கொண்ட இ.எம்.ஐ. கம்பெனி முதல் வேலையாகப் பெயரை மாற்றச் சொன்னது. 1997-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் ஓகோவென்று ஓடியதும், பாடகர் டாம் யார்க்குக்கு கிதாரைக் கண்டாலே கசந்துவிட்டது. 2000-ல் 'கிட் ஏ' முழுக்க மெஷின் ராஜ்ஜியம். கிதார் வாசிக்க மூன்று பேர், தட்ட ஒரு டிரம்மர். பல பாட்டுகளில் இவர்களுக்கு என்ன வேலை என்று இவர்களுக்கே தெரியாது. அந்த ஆல்பமும் அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆகித் தொலைத்தது.

2003-ல் இ.எம்.ஐ.யோடு ஆறு ஆல்ப ஒப்பந்தம் முடிந்தது. 2006-ல் வில்ட்ஷயரில் இடிந்துகொண்டிருந்த டாட்டன்ஹாம் ஹவுஸ் என்ற மாளிகையில் போய் ரெக்கார்டிங் செய்தார்கள். வாசிப்பது அரண்மனையில், படுப்பது வாசலில் நிறுத்திய கேரவனில். உள்ளே தூங்கினால் உத்தரவாதமில்லை. கிதார்களும் தாராளமாகப் புழங்கின. அப்படிப் பிறந்ததுதான் 'இன் ரெயின்போஸ்'.

2007 அக்டோபர் 10-ல் அதை இணையத்தில் வைத்தார்கள். விலைக் கட்டம் காலி. பக்கத்துக் கேள்விக்குறியை அமுக்கினால், உங்கள் இஷ்டம் என்றது. மறுபடி அமுக்கினால், நிஜமாகவே உங்கள் இஷ்டம்தான் என்றது. புரட்சி, புரட்சி என்று உலகப் பத்திரிகைகள் குதித்தன. "மீட்டர் எதுக்கு சார், நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சில்க் போர்டு ஆட்டோக்காரர் சொல்லும்போது எந்தப் பத்திரிகையும் குதித்ததில்லை. ஆனால் அவர் நாம் கொடுப்பதைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சைபர் போட்டாலும் பாட்டு வரும். மனசாட்சி உறுத்தி ஒரே ஒரு பென்னி போட்டால்தான் வம்பு: கார்டு கட்டணம் 45 பென்னி.

சும்மாவே கிடைக்கிறதே, யார் திருடுவார்கள்? திருடினார்கள். முதல் நாளே டாரன்டில் சுமார் 4 லட்சம் பேர், நவம்பர் 3-க்குள் 23 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. எல்லாம் பழக்கதோஷம். பொம்மனஹள்ளி பி.ஜி.யில் ஒருவன் இறக்கினால் போதும், பென் டிரைவ் மாடி மாடியாக ஏறிவிடும். எம்.பி.3-யின் தரம் வெறும் 160 கே.பி.பி.எஸ். என்று லண்டன் ரசிகர்கள் புலம்பினார்கள். நமக்கு அந்த வருத்தமில்லை. ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்த சத்தத்தில் 160-ம் ஒன்றுதான், 320-ம் ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு கடைக்கு வந்த சி.டி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். இதற்கு முந்தைய ஆல்பங்கள் அத்தனையும் சேர்த்து டிஜிட்டலில் தந்ததைவிட இது ஒன்றே அதிகம் தந்தது என்றார் யார்க். பெருமைப்பட ஒன்றுமில்லை, டிஜிட்டல் விற்பனையில் இ.எம்.ஐ. எங்களுக்குக் காசே தரவில்லை என்று காரணத்தையும் அவரே உடைத்தார்.

2011-ல் அடுத்த ஆல்பம் 'தி கிங் ஆஃப் லிம்ஸ்' வந்தது. எம்.பி.3 வேண்டுமானால் 6 பவுண்டு. நல்ல தரத்தில் வேண்டுமானால் 9.