ஆச்சி கார் ஓட்டுவாளா?

ஏட்டி, இங்க வா. மூணு மாசமா லேப்டாப்பு முன்னால கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு தாளைத் தமிழாக்குதியே, கழுத்து வலியை அளக்க. முதல்ல உன் கழுத்தை அளந்து பாரு.

கோவிச்சுக்காதே. கண்ணாடியப் போட்டுப் படிச்சுப் பாத்தேன். கனடாவுல வெர்னான், மியோர்னு ரெண்டு பேரு 1991-ல வெளியிட்டதாமே. முதுகு வலிக்கு ஆஸ்வெஸ்ட்ரின்னு ஏற்கெனவே இருந்த தாளைத்தான் வெட்டிப் பிடிச்சுக் கழுத்துக்குத் தச்சிருக்காவ. பத்து கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-லருந்து 5 வரைக்கும் மார்க்கு. ஆகக்கூடி 50. நெறைய வாங்குனா பாஸ் இல்ல, படுக்கை. 34-ஐத் தாண்டுனா ஆளு முழுசா முடங்கிட்டான்னு அர்த்தமாம்.

எல்லாஞ் சரி. எட்டாவது கேள்விய உங்க ஆச்சிகிட்ட கேட்டுப் பாத்தியா? கழுத்து வலியால கார் ஓட்ட முடியுதான்னு. அவ ஆயுசுல ஓட்டுனது எருமையும் என்னையும்தான். "நமக்கு எங்க முடியும்"னு சொல்லி, 'ஓட்டவே முடியல'ங்கிற கட்டத்துல பேனாவ வைப்பா. வலியில்லாமலே 5 மார்க்கு! விவரமானவன் அந்தக் கேள்விய வெறுமன விட்டுட்டுப் போயிருவான். அப்ப 50-க்கா, 45-க்கா, எதுக்குக் கணக்குப் போடுவே?

தூக்குற கேள்வியப் பாரு. தரையிலருந்து தூக்குவியா, மேசையிலருந்து தூக்குவியான்னு கேக்காவ. சும்மாடு வச்சு விறகுக்கட்டு சுமந்தவளுக்குப் பாரமெல்லாம் கழுத்துலதானட்டி? அதத் தாளு கேக்கவே இல்லையே.

வலிக்கு ஆறு படி வச்சிருக்கு. அதுல நடுவுல நீ போட்டிருக்கது 'மிதமான', 'ஓரளவு கடுமையான', 'மிகக் கடுமையான'. இந்த மூணுக்கும் நடுவுல எவன் வரப்பு போட்டான்? நம்ம சனங்க 'சுருக்குங்குது', 'விண்ணு விண்ணுங்குது', 'கொல்லுது'ம்பாக. அதைக் கேட்டுட்டு வந்து எழுது.

ரெண்டு பேரு தமிழுக்குக் கொண்டுவரணும், மூலத்தையே பாக்காத வேற ரெண்டு பேரு அதத் திரும்ப இங்கிலீசாக்கணும்னு சொன்னே. உரிச்ச கோழிக்கு இறகு ஒட்டுற வேலைதான், ஆனாலும் நல்ல வேலை. எங்க பிசகுச்சுன்னு காட்டிக் குடுத்துரும். பொறவு படிச்சவங்க கூடி உக்காந்து, எல்லாரும் தலையாட்டுனதும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சிராதே. அம்புட்டு நல்லாத் தலையாட்டுறவனுக்குக் கழுத்து வலி எங்கருந்து வரும்? வலிக்காரங்க ஒரு முப்பது நாப்பது பேருகிட்ட குடுத்து, என்ன புரிஞ்சுதுன்னு கேளு.

வெளியூருத் தராசா இருந்தாலும் இங்க வந்தா முத்திரை குத்தித்தான் நிறுக்கணும். கடைக்காரன் ஒரே புளிய ரெண்டு தரம் நிறுத்தா ஒரே எடை வரணுமா இல்லையா? அதத்தான் நீ ஐ.சி.சி.ங்கே. ஆனா மறுநாளே போய்க் கேட்டா, நேத்துச் சொன்னத ஞாபகம் வச்சுச் சொல்லுவான். ரெண்டு மாசம் கழிச்சுப் போனா வலியே மாறியிருக்கும். தராசு மேல பழி விழும்.

இந்தா, என் தாளு. 17 மார்க்கு வாங்கியிருக்கேன், நீங்க சொல்லுத நடுத்தரம். காருக்கு நேரா 'வண்டி இல்ல'ன்னு எழுதியிருக்கேன், அதுக்கு மார்க்குப் போட்டுறாதே. ஒரு வாரங் கழிச்சு இன்னொரு தாளு கொண்டா, மறுபடி எழுதுதேன். அதுவரைக்கும் உங்க ஆச்சி கையில தைலக் குப்பி சிக்காம பாத்துக்கோ. அவ தேய்ச்சுவிட்டா உன் கணக்கு கெட்டுப்போயிரும்.