கத்திரி வெயிலில் குளிர்நாட்டு ஒயின்: மீன்சுருட்டிவாசிகளுக்கு ஏழு படிகள்

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லித்தரும் புத்தகங்கள் எல்லாம் பாரிஸ்காரருக்கும் லண்டன்காரருக்கும் எழுதியவை. சென்னை–கும்பகோணம் சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி. 21 வயது நிரம்பாதவர்கள் நேராக ஏழாம் படிக்குப் போகவும். அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில் கொஞ்சம் பாடம். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை, பிரான்சின் ஷாப்லி போன்ற ஊர்களில் வெயில் சிக்கனம். திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. சர்க்கரை அதிகம் ஏறுவதில்லை, புளிப்பும் இறங்குவதில்லை. சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது என்பதால் ஒயினில் அதுவும் குறைவு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக் கொடிக்குப் பனிக்காலத் தூக்கம் என்பதே கிடையாது. ஆண்டு முழுக்கக் காய்க்கிறது.

1. வாங்குவது

டாஸ்மாக் கடையின் கம்பிக்கு வெளியே நின்று, "அண்ணே, மோசல் ரீஸ்லிங் இருக்கா?" என்று அந்த ஊர் வெள்ளை ஒயினைக் கேளுங்கள். "குவாட்டரா, ஆஃபா?" என்று பதில் வரும். பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழப்பதற்குள் ஒதுங்கிவிடுங்கள். வெளிநாட்டு ஒயின் வைத்திருக்கும் எலைட் கடை உள்ள ஊருக்குப் பஸ் ஏறுவதே வழி.

2. குளிர வைப்பது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வார்கள். அது 16, 18 டிகிரியில் இருக்கும் ஐரோப்பிய அறை. கத்திரி வெயிலில் நம் வீட்டு அறையில் வைத்த பினோ நுவார், சளிக்குக் காய்ச்சிய கஷாயம் போல இருக்கும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி வேண்டும். கரன்ட் போய்விட்டால் மீன்காரரிடம் ஐஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் லேசாக மீன் வாடை ஏறினால் பாதகமில்லை. பொருத்தம் பார்க்கும் வேலை பாதி முடிந்தது.

3. மண்ணைப் பற்றிப் பேசுவது

குடிப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். இது கட்டாயம். ஷாப்லிக்காரர்கள் தங்கள் சுண்ணாம்புக்கல்லில் புதைந்திருக்கும் சிப்பிகளைக் காட்டுவார்கள். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். ஒயினில் அந்த ருசி தெரிகிறதாம்.

அசர வேண்டாம். கிரிட்டேசியஸ் காலத்தில் அரியலூர்ப் பக்கமும் கடலுக்கு அடியில்தான் இருந்தது. நம் சுண்ணாம்புக்கல்லிலும் சிப்பி உண்டு, அம்மோனைட் உண்டு. வாரணவாசியில் புதைபடிவங்களுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. அவர்கள் தங்கள் கடலைப் பாட்டிலில் அடைத்தார்கள்; நாம் சிமெண்ட் மூட்டையில் அடைத்தோம். இனி யாராவது ஷாப்லியை மோந்து பார்த்துக் கண்ணை மூடி, "கல் வாசம்!" என்றால், சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டிய அனுபவத்தோடு அதிகாரமாகத் தலையாட்டுங்கள்.

4. மீன் குழம்பு

விதி இதுதான்: சாப்பாட்டைவிட ஒயின் புளிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால், திராட்சையில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம்தான் புளியிலும் இருக்கிறது. கீழணைக் கெண்டைக்கு எலுமிச்சை அளவு புளி கரைத்த குழம்பின் முன்னால் எந்த மோசலும் நிற்காது. அடுப்படியில் போய், "ஒயினுக்குத் தோதாகப் புளியைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்று சொல்லிப் பார்க்கலாம். இதை ஒருமுறைதான் சொல்ல முடியும். வறுத்த மீன் பத்திரமான வழி. எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு ஒயின் சுத்தமாக எடுத்துவிடும்.

5. பரோட்டா, சால்னா

மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு அதோடு சேர்ந்தால் நாக்கு தடித்துப்போகும். ஆகவே 14 சதவீத ஆல்கஹால் உள்ள கனத்த சிவப்பு வேண்டாம். 8, 9 சதவீதத்தில், லேசான இனிப்போடு வரும் மோசல் ரீஸ்லிங்தான் சரி. சால்னாவை "ரிடக்‌ஷன் சாஸ்" என்று அழைத்தால் பொருத்தம் இன்னும் கூடும். பரோட்டா மாஸ்டர் காதில் விழாமல் அழைக்கவும்.

6. முந்திரி

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துப் பருப்பை வறுத்துத் தொட்டுக்கொள்ளலாம், எதனுடனும் சேரும். பழம்தான் பாடப்புத்தகம். கடித்ததும் தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கரகரப்புதான் சிவப்பு ஒயினில் துவர்க்கும் டானின். ஒயின் பள்ளிகளில் பணம் கட்டிப் படிக்கும் இந்த ருசியை, நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் சட்டைக் கறையோடு இலவசமாகக் கற்றுவிடுகிறார்கள்.

7. இறுதித் தேர்வு

இதுவரை சொன்ன விதிகளைக் கூட்டிப் பாருங்கள். புளிப்பு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், ஆல்கஹால் குறைய வேண்டும், துவர்ப்பு கூடாது, காரத்தைத் தணிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்குவது பானையில் இருக்கும் மோர். ஷாப்லியின் கூர்மையான மாலிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் பாடுபட்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. மோருக்கு அந்த அமிலம் உறை ஊற்றும்போதே வந்துவிடுகிறது. மிளகாயின் எரிச்சலைப் பற்றி இழுக்கும் பால்புரதமும் அதில் உண்டு, ரீஸ்லிங்கில் இல்லை.

மலிவாகக் கிடைப்பது மட்டுமே அதன் குறை. நீளக் காம்புக் கண்ணாடியில் ஊற்றி, மெல்லச் சுழற்றி, பெருங்காய வாசத்தை மோந்து, மூன்றாம் படியில் படித்ததை ஒப்பித்தால் அந்தக் குறையும் தீரும்.

மிச்சம் இருந்தால்

திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். பிறகு காடியாகத் தொடங்கும். அப்போது குழம்புக்குப் புளியைப் பாதியாக்கி இதை ஊற்றலாம். டார்டாரிக் அமிலம் இரண்டிலும் உண்டு என்று அறிவியல் சொல்கிறது. நாலாம் படியில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டவர்கள், அறிவியலை நம்பி மறுபடி அடுப்படிக்குள் நுழைய வேண்டாம்.