பாலிங் வட்டாரத்தில் தாலியா: ஒரே ஒரு பூவை முன்வைத்து ஓர் ஆய்வு

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அவற்றில் தாலியா இல்லை. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டத் தமிழாய்வுலகில் இதுவரை ஒருவரும் முன்வராதது வருந்தத்தக்கது. கபிலர் காலத்தில் அந்தப் பூ மெக்சிகோ மலைகளில் இருந்தது என்பது சமாதானமே தவிர விடையாகாது. கெடா மாநிலம் பாலிங்கில், ஒரு தாமான் வீட்டின் முன்புறம், பன்னிரண்டடிக்கு ஐந்தடி நிலத்தில் அக்குறையைத் தீர்க்க ஆய்வாளர் (அதாவது நான்) எடுத்த முயற்சியின் விளைவே இக்கட்டுரை.

முதலில் பெயர்க்காரணம். 1791இல் மாட்ரிட் நகரில் கவனில்யெஸ் என்ற பாதிரியார், மெக்சிகோவிலிருந்து வந்த செடி ஒன்றுக்கு, சுவீடன் நாட்டுத் தாவரவியலார் ஆண்டர்ஸ் டால் நினைவாக டேலியா என்று பெயர் சூட்டினார். டால், லின்னேயசிடம் பாடம் கேட்டவர், 1789லேயே காலமாகிவிட்டார். தன் பெயரில் ஒரு பூ இருப்பது தெரியாமலே போன மனிதர். இது மேலைநாட்டார் கொள்கை. ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. காரணம் பின்வரும் களச்சான்று: கேமரன் மலையிலிருந்து திரும்பிய அன்று, கையில் பொட்டலத்தோடு வாசலில் நின்று, மலாய்க்காரர் உச்சரிப்பையும் நம் நாக்கையும் கலந்து, “தாலியா வாங்கிட்டு வந்திருக்கேன்” என்றேன். வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “யாருக்கு?” என்றாள். ஆக, தாலி என்னும் பெயர்ச்சொல்லோடு ஆ என்னும் வினா இடைச்சொல் சேர்ந்தே தாலியா ஆயிற்று என்பதும், அது குடும்பத்தில் கேள்வி எழுப்பும் பூ என்பதும் பெறப்படும். டால் என்பவர் தற்செயல்.

அடுத்தது திணை. 1963இல் மெக்சிகோ இதைத் தேசிய மலராக அறிவித்தது. மேட்டுநிலத்துச் செடி, இரவு குளிர்ந்தால்தான் அதற்கு முகம் மலரும். எனவே குறிஞ்சி. பாலிங்கிலோ கித்தா என்னும் ரப்பர் மரமும் செம்பனையும். பெரும்பாலான இரவுகளில் வெப்பமானி 23, 24 பாகையோடு நின்றுவிடும். கித்தாத் தோட்டம் எந்தத் திணை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விடியுமுன் எழும்பும் மக்களும், ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக் களமும், வேலைவாங்கும் மண்டோரும் உள்ள நிலத்துக்குத் தொல்காப்பியர் பெயர் வைக்காமல் போய்விட்டார். ஆனால் ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தாலும் குற்றமில்லை என்று தாராளமாக ஒரு வழி விட்டிருக்கிறார். அந்த அனுமதியின் பேரில்தான் கிழங்கு வாங்கினேன்.

வாங்கியது இரண்டு. கேமரன் மலை நாற்றுக்கடைத் தவுக்கே எந்த ஊர் என்று கேட்டார். பாலிங் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, காசு வாங்காமல் மூன்றாவது கிழங்கைப் பைக்குள் போட்டார். அது அன்பளிப்பா அனுதாபமா என்பது தனி ஆய்வுக்குரியது.

கருதுகோள் எளியது: ஒழுங்காக நட்டு, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் பூக்கும். தட்டு அளவுக்குப் பூக்கும் என்று பையின் மேலிருந்த படம் சொன்னது.

மூன்று கிழங்குகளுக்கும் அ, ஆ, இ எனப் பெயரிடப்பட்டது. ஜனவரி மாதம், கித்தா மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் வறண்ட பருவம். தாலியாக் கிழங்கு பார்வைக்குச் சர்க்கரைவள்ளியின் பங்காளி. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்கோ காம்போடு ஒட்டும் கழுத்தில் மட்டும்தான் கண். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. ‘ஆ’வுக்குக் கழுத்து இல்லை என்பதை நாற்பது நாள் தண்ணீர் ஊற்றிய பிறகு கண்டறிந்தேன். ‘அ’வுக்குக் கழுத்து இருந்தது. முளைவரும்வரை தண்ணீர் காட்டக்கூடாது என்பது விதி. ஆனால் அத்தை அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு மாக் சிக் அவர் பங்குக்கு மீன் கழுவிய தண்ணீர் என்றார். பலசரக்குக் கடைக்காரர் ஆட்டுப்புழுக்கை என்றார். தோட்டத்து மாமா ஒருவர் கித்தா மரத்துக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். யார் மனமும் நோகக்கூடாது என்று நான்கையும் ஒரே நாளில் செய்தேன். என் களக்குறிப்பேடு கூறுவது: “நாள் 11, முளை. நாள் 12, முளை இல்லை. நாள் 15, நாற்றம்.”

‘இ’யை நட மறந்துவிட்டேன். அது பிளாஸ்டிக் பையோடு செருப்பு அலமாரிக்குக் கீழே கிடந்தது. மண் இல்லை, நீர் இல்லை, ஆலோசகர் இல்லை. இருபத்தெட்டாம் நாள் பள்ளிக்கூடச் சப்பாத்து தேடிய மகள், “அப்பா, இங்க என்னமோ வளருது” என்றாள். விரல் நீளத்துக்கு, ஊதா கலந்த பச்சையில், திடமாக ஒரு முளை. முறையியல் நூல்கள் இதைக் கட்டுப்பாட்டுக் குழு என்கின்றன. என் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

‘இ’ நடப்பட்டது. முட்டுக்கொடுக்கும் மூங்கிலை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் கிழங்கில் பாயும். இது ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அதன்பின் நாள்தோறும் காலை ஆறரைக்குக் கோப்பிக் குவளையோடு செடியெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தாலியா ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காத இடத்தையே ஒருவன் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் நடப்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். இந்த ஆய்வின் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். தலைப்புக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

முதலில் கண்ணில் பட்டது எறும்பு. தண்டும் இலைக்காம்பும் சேரும் கவட்டில் வெள்ளையாகப் பஞ்சு போல ஐந்தாறு மாவுப்பூச்சிகள். அவற்றைச் சுற்றிக் கருப்பெறும்புகள். கொல்வதற்காக நிற்கின்றன என்று மகிழ்ந்தேன். கிட்டப் போய், அத்தையின் மூக்குக்கண்ணாடியை உருப்பெருக்கியாகப் பிடித்துப் பார்த்தேன். ஓர் எறும்பு தன் இரண்டு உணர்கொம்புகளாலும் மாவுப்பூச்சியின் பின்புறத்தைத் தட்டியது. இடது, வலது, இடது, வலது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. மறுபடி தட்டியது. பூச்சியின் பின்முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி திரண்டது. கண்ணாடி போல் தெளிவு. எறும்பு அதை வாயால் வாங்கிக்கொண்டு தண்டில் இறங்கியது. எதிரே ஏறிவந்த எறும்பு ஒரு கணம் நின்று முகத்தோடு முகம் வைத்து ஏதோ விசாரித்துவிட்டு, அதே பூச்சியிடம் போய் நின்றது.

எங்கப்பா கோல கெட்டில் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் போவார், வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். உளியால் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, பால் பிடிக்கும் மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்கு நகர்வார். ஆளுக்கொரு நிரை. தாலியாத் தண்டிலும் அதே ஏற்பாடு. காலையில் கூட்டம் அதிகம், வெயில் ஏறினால் குறைவு. செடியின் சாற்றை மாவுப்பூச்சி உறிஞ்சும்; அதற்கு வேண்டியது புரதச் சத்து, மிஞ்சுவது சர்க்கரை; மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீர்தான் அந்தத் துளி. கூலியாக எறும்பு காவல் காக்கும். ஒருநாள் சிவப்பில் கரும்புள்ளி போட்ட பொறிவண்டு ஒன்று மாவுப்பூச்சி தின்ன வந்து இறங்கியது. தோட்டத்துக்குள் யூனியன்காரர் நுழைந்தால் அந்தக் காலத்தில் துரத்துவார்களே, அப்படித் துரத்தினார்கள். எந்த எறும்பு கங்காணி என்று ஒன்பது நாள் தேடினேன். அகப்படவில்லை. கங்காணி இல்லாமலே நிரை நடக்கிறது என்ற செய்தியை எங்கப்பா உயிரோடிருந்தால் சொல்லியிருப்பேன், நம்பியிருக்க மாட்டார்.

மாவுப்பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாலே போய்விடும். எனக்குத்தான் மனம் வர இன்னும் நான்கு நாள் ஆயிற்று.

மார்ச் கடைசியில் மழை பிடித்ததும் நத்தை வந்தது. கைப்பிடி அளவு ஆப்பிரிக்க நத்தை. பாலிங் வரலாற்றுக்கும் நத்தைக்கும் உள்ள உறவை ஆய்வாளர் இங்கே முதன்முதலாக நிறுவ விரும்புகிறார். சமைக்கும்போது கையை வெட்டிக்கொண்ட சமையற்காரியின் இரத்தம் கீரைக் குழம்பில் சொட்ட, அந்த ருசிக்கு அடிமையாகிக் கோரைப்பல் முளைத்தவன் ராஜா பெர்சியோங் என்பது கெடாவின் பழங்கதை. துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய இக்கதை 1968இல் திரைப்படமாகவும் வந்தது. அரசன் அந்தப் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங். மலாயில் பாலிங் என்றால் எறிதல். ஆக, எங்கள் ஊரின் வரலாறே காய்கறிப் பாத்தியில் தொடங்குகிறது. எறிந்த பல் எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. நத்தையின் நாக்கில் அரம் போல வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான பற்கள் உண்டு. மேலும், ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். ஊருக்குப் பின்னால் நிற்கும் பாலிங் மலையோ முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல். பல்லும் இங்கே, சுண்ணாம்பும் இங்கே. மேற்கொண்டு சான்று கேட்பவர்கள் மழை நாளில் கைவிளக்கோடு எங்கள் வீட்டுக்கு வரலாம்.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்கள் இவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் புகழ்பெற்ற பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல், டான் செங் லோக். எதிர்ப்பக்கம் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங். உடன்பாடு வரவில்லை, சரணடைய மறுத்துச் சின் பெங் காட்டுக்கே திரும்பினார். நத்தையோடு நான் நடத்தியதும் இரண்டு இரவு. முட்டையோடும் கோப்பிச் சக்கையும் எல்லைக்கோடாக வைக்கப்பட்டன. எதிர்த்தரப்பு அவற்றின் மேலேயே ஏறி வந்தது. மூன்றாம் நாள் காலை செடியின் நுனிக் குருத்து இல்லை. ஆனால் நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும் என்பது தாலியா சாத்திரம். எண்ணிப் பார்த்தேன்: சரியாக நான்கு சோடி. வீட்டில் கேட்டபோது நானே கிள்ளியதாகச் சொன்னேன்.

இதற்கிடையே மூங்கில் முட்டில் ஒரு தேன்சிட்டு தினமும் உட்கார்ந்துவிட்டுச் செம்பருத்திக்குப் போகும். தாலியாவை ஏறெடுத்தும் பார்க்காது. அத்தையும் அப்படியே. “மாப்ள, வாசம் இல்லாத பூ சாமிக்கு ஆகுமா?” என்றார். செம்பருத்திக்கு வாசம் உண்டா அத்தை என்று கேட்டேன். “அது நம்ம பூ” என்றார். நம்ம பூ என்பதன் வரையறை ஆய்வுக்கு இடம் தருகிறது. கோயில் மாலையில் கோத்துப் போடுகிறோமே செண்டுப்பூ, அதுவும் மெக்சிகோக்காரி. தாலியாவுக்குச் சித்தி முறை, ஒரே குடும்பம். மிளகாய், பப்பாளி, மரவள்ளி, எங்களுக்குச் சோறு போட்ட கித்தா எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். 1876இல் பிரேசிலிலிருந்து கித்தா விதை கப்பலேறாமல் இருந்திருந்தால் எங்கள் தாத்தாவும் கப்பலேறியிருக்க மாட்டார். இதை அத்தையிடம் விளக்கினேன். “அப்ப செண்டுப்பூவே வச்சிருக்கலாமே” என்றார்.

நட்ட அறுபத்தொன்பதாம் நாள் பூத்தது. படத்தில் தட்டு, நேரில் தேநீர்த் தட்டுகூட இல்லை. மகளின் அடிக்குச்சியால் அளந்ததில் 7 சென்டிமீட்டர். படத்தில் கருஞ்சிவப்பு, நேரில் நெத்திலிச் சம்பல் நிறம். வெக்கை மிகுந்தால் பூ சிறுக்கும், நிறம் வெளிறும். அதுவும் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி வேலிப்பக்கம் திரும்பிப் பூத்தது. மாக் சிக் “சந்தேக்!” (அழகு) என்று சொல்லி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான்காம் நாள் மாலை மழையில் தலை கவிழ்ந்தது.

மூன்று கிழங்கு, மூன்று மாதத்துக்கு மேல், ஒரே பூ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இது தாவரவியல் அறியாதார் கூற்று. தாலியா என்பது ஒரு பூ அன்று, பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ் போலத் தெரியும் ஒவ்வொன்றும் தனிப்பூ. நடுவில் மஞ்சள் பொட்டாய் இருப்பதில் குழல் போன்ற ஒவ்வொன்றும் தனிப்பூ. உதிர்ந்ததை வெள்ளைத்தாளில் பரப்பி, அத்தையின் மூக்குக்கண்ணாடியும் ஊக்குமாக உட்கார்ந்து எண்ணினேன். ஓரத்தில் 34, நடுவில் 71. மொத்தம் 105 பூக்கள். கபிலருக்கு 99.

செடி காய்ந்ததும் தோண்டிப் பார்த்தேன். தாலியா, பகல் குறுகும்போதுதான் அதிகமாகக் கிழங்கு வைக்கும். பாலிங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. செடிக்கு எந்த மாதம் என்றே தெரிந்திருக்காது. ஆனாலும் ஐந்து கிழங்கு வைத்திருந்தது. கழுவித் திண்ணையில் உலர வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி தின்று பிழைத்தவர் அத்தையின் அம்மா. மண்ணிலிருந்து எடுத்த கிழங்கை அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா விட்டதில்லை. நான் வந்தபோது நான்கு கிழங்குகள் புளிக்குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன. தாலியாக் கிழங்கு தின்னத்தக்கதே. ஆனால் அதில் மாவுச்சத்துக்குப் பதில் இனுலின் என்ற சத்து இருக்கிறது. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். அன்றிரவு ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில் இக்கருத்து ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. அத்தை மட்டும் கடைசிவரை புளி கொஞ்சம் கூடிவிட்டதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுத்தும் கண்ணும் உள்ள ஐந்தாவது கிழங்கு செருப்பு அலமாரிக்குக் கீழே இருக்கிறது.