பீரோவில் சயனித்திருக்கும் அரசிதழுக்கு ஒரு தரிசன விண்ணப்பம்

அனுப்புநர்:
பிச்சை (எ) இளங்கோ,
இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வழியில்லாதவர்.

பெறுநர்:
உயர்திரு அரசு வெளியீடுகள் பிரிவு அவர்கள்,
இரண்டாம் மாடி, ஓடாத ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்புறம்,
மாவட்ட மைய நூலகம்.

பொருள்: அரசு வெளியீடுகள் – தமிழ்நாடு அரசிதழ், 1994 – பீரோவிலிருந்து எழுந்தருள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் வந்த செவ்வாய். 2. நான் மறுபடி வந்த வியாழன். 3. சாவி வைத்திருக்கும் அக்கா விடுப்பு முடிந்து வந்த திங்கள்.

பெருமதிப்புக்குரிய பிரிவு அவர்களுக்கு,

பார்வை மூன்றில் கண்ட திங்கட்கிழமை காலை 11.20 மணிக்குத் தங்கள் பீரோவின் கதவு திறந்தது. கிரீச்சென்ற சத்தம் கேட்டு, பக்கத்து மேசையில் குரூப் 4 வினா வங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். என் கை தானாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேல்தட்டில் ஒரு டிபன் கேரியர், ஒரு குடை, போன ஆயுத பூஜையின் குங்குமம் காய்ந்த ஒரு தட்டு. நடுத்தட்டில் கெட்டி அட்டை போட்ட அரசிதழ்கள்: 1991, 1992, 1993. அதற்கடுத்து 1996.

“94, 95 ரெண்டும் பைண்டிங் போயிருக்கு சார்.”

“எப்பம்மா போச்சு?”

அக்கா பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

“2003ல.”

காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்துக்குள் சயனித்திருக்கும் அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருள்வார். 1979இல் வந்தார், 2019இல் வந்தார், ஒன்றரை மாதம் தரிசனம் தந்துவிட்டு மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். அந்தக் கணக்குப்படி, 2003இல் பைண்டிங்குக்குள் இறங்கிய என் அரசிதழ் 2043இல் மேலே வர வேண்டும். அப்போது எனக்கு 71 வயது. அதுவரை பொறுக்க முடியுமா என்று, இந்த அரசிதழைக் கேட்கும் வங்கியின் மேலாளரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க எங்கள் பக்கத்து உபாயம் அது. எமன் ஏமாந்தான். கல்லூரியில் கூப்பிட்டுச் சிரித்தவர்கள் ஏமாறவில்லை. 1994இல் முறைப்படி பணம் கட்டி, அரசிதழில் வெளியிட்டு, இளங்கோ ஆனேன். என்னிடமிருந்த பிரதி ஒரு மழைக்காலத்தில் கூழாகிவிட்டது. இப்போது வீட்டு மனைப் பத்திரம் பிச்சை பெயரில், சம்பளச் சீட்டு இளங்கோ பெயரில். இருவரும் ஒரே ஆள் என்பதற்கு அரசிதழைக் கொண்டு வா என்கிறார் வங்கியின் லீகல் அட்வைசர். எமனே நம்பிய பெயரை அவர் நம்பவில்லை.

பிச்சை என்ற பெயர் போனதற்கு ஆதாரம் வேண்டி உங்கள் வாசலில் பிச்சை கேட்டு நின்றது முதலில் செவ்வாயன்று. “அரசிதழா? அதெல்லாம் யாரும் கேக்குறதில்லையே சார்” என்றார் மேசையில் இருந்த தம்பி. சாவி அக்காவிடம், அக்கா லீவில். வியாழனன்று, மனு எழுதி ஆதார் நகலும் வைக்கச் சொன்னார். வைத்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “ஆதார்ல இளங்கோன்னு இருக்கு. நீங்க கேக்குறது பிச்சையோட அரசிதழ். அடுத்தவங்க பேப்பரை எப்படி சார் குடுக்கிறது?”

மதிப்புக்குரிய பிரிவு அவர்களே, முப்பது வருடத்துக்கு முன் ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவிப்பதற்காக அச்சடித்த ஒரு செய்தியை, அந்தச் செய்திக்கு உரியவனிடமிருந்தே காப்பாற்றுகிறீர்களே, இந்த அக்கறை எந்தத் தனியார் நிறுவனத்தில் கிடைக்கும்? அரசிதழில் பெயர் மாற்ற விளம்பரங்கள் வரும் பகுதியின் தலையிலேயே, இதற்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் ஏற்பதற்கில்லை என்று அச்சடித்திருப்பார்கள். அன்று அதைப் படிக்காமல் விட்டேன். அதன் ஞானம் இன்றுதான் விளங்குகிறது.

பீரோ திறந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில் மற்ற மூர்த்திகளையும் சேவித்துக்கொண்டேன். கீழ்த்தட்டில் சணல் கயிறு அவிழ்க்காத கட்டு ஒன்று: ஏதோ ஓர் ஆண்டின் மானியக் கோரிக்கைகளுக்கான கொள்கை விளக்கக் குறிப்புகள். ஒவ்வொரு துறையும் எவ்வளவு வாங்கியது, என்ன செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்று சட்டமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் புத்தகம் அது. அது சயனக் கோலம். அதன்மேல் மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு. எந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, எந்தக் கிராமத்துக்குத் தார் ரோடு வந்தது என்று ஊர் ஊராகச் சொல்லும். அதுவும் சயனம். மாவட்ட விவரச் சுவடி ஒன்று மட்டும் குடைக்கு முட்டுக் கொடுத்து நின்ற கோலத்தில் இருந்தது.

எங்கள் நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்த்தேன். “அவங்க அனுப்புறதில்லை சார்.” நகராட்சியில் கேட்டால், “கவுன்சிலரைப் பாருங்க.” கவுன்சிலர், “வாட்ஸப்ல வந்துச்சு, தேடிப் பாக்கறேன்ணே.” என் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வாங்குகிறார்கள். அப்படி வாங்கியதை உள்ளாட்சிகள் நூலகத்துக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது அடிக்கடி செய்தித்தாளில் வருகிறது. காசும் அனுப்புவதில்லை, கணக்கும் அனுப்புவதில்லை. கிராமத்தில் இன்னும் விசேஷம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஆறு கூட்டத்தின் தீர்மான நோட்டும் பூட்டுக்குள். அங்கே அத்தி வரதர் வருஷத்துக்கு ஆறு முறை குளத்தில் இறங்குகிறார். மேலே வருவது மட்டும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி. அரசு வெளியிடும் புத்தகங்களுக்கும் அது பொருந்தும். ‘அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றால் பொருந்தாது. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்யச் சொன்னால் போதும், சட்டம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு புத்தகத்தின் விலை. மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. “கன்னிமாராவுல கிடைச்சாலும் கிடைக்கும் சார், ராத்திரி பஸ் ஏறினா காலையில எழும்பூர்” என்றார் அக்கா. வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலகவியலின் நான்காவது விதியாக 1931இலேயே வகுத்தவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். 1948இல் நம் மாநிலத்துக்குப் பொது நூலகச் சட்டம் வர அவர்தான் பாடுபட்டார். அவருடைய படம் உங்கள் மாடிப்படித் திருப்பத்தில், மாலையோடு இருக்கிறது. படி ஏறும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இணையத்தில் தேடினாயா என்று கேட்பீர்கள். தேடினேன். அண்மைக் கால அரசிதழ்கள் இருக்கின்றன, கையெடுத்துக் கும்பிட்டேன். பழைய மாவட்ட விவரச் சுவடிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலாக்கி வைத்திருக்கிறது. அவர்களுக்கும் ஒரு கும்பிடு. ஆனால் பழைய கொள்கைக் குறிப்பு ஒன்றில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால், அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது கணினி. கண்ணுக்கு எதிரே பக்கத்தில் இருக்கிறது. பிரதியெடுத்து ஒட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்து எழுத்துரு. தமிழ் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தது. ஒருங்குறிதான் தரம் என்று 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, அரசே ஆணையிட்டது. அதற்கு முந்தையவை பழைய எழுத்துருக் குளத்தில் சயனம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சுவாமி தெரிகிறார், தொட மட்டும் முடியாது.

அத்தி வரதர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், உள்ளாட்சித் தேர்தல் விதிகளைச் சபை மண்டபத்துச் சுவரில் வெட்டினார்கள். முப்பது குடும்பு, குடவோலை, முப்பத்தைந்து முதல் எழுபது வயது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்பதுவரை எல்லாம் சுவரில். சாவி இல்லை. அக்கா இல்லை. ஆதார் இல்லை. 1,100 வருடம் கழித்து இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம். பைண்டிங் போகவில்லை.

ஒரு அரசிதழை வைத்து இவ்வளவு பேசுவானேன் என்று தோன்றும். பேசத்தான் வேண்டும். உன் நிலத்தை எடுக்கப்போகிறோம் என்பதை அரசிதழில் போடுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை சொல்ல வேண்டும். நாளிதழிலும் போட வேண்டும், ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒட்டியது மறுநாள் மாட்டின் வயிற்றில். நிலத்துக்காரனோ ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். 61ஆம் நாள் போனால், “அரசிதழிலேயே வந்துவிட்டதே, பார்க்கவில்லையா” என்று அவனையே கேட்கிறார்கள். சட்டம் தெரியாது என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. அரசிதழில் வந்துவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாக அர்த்தம். எங்கேய்யா அந்த அரசிதழ்? எந்தக் கடையில் தொங்குகிறது? யார் கண்ணில் காட்டினீர்கள்? அச்சடித்துப் பூட்டி வைப்பதற்குப் பெயர் வெளியீடா? வெளியீடு என்ற சொல்லில் ‘வெளி’ என்று ஒன்று இருக்கிறது, அதையாவது ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா? “யாரும் கேக்குறதில்லை” என்கிறீர்களே, இருக்கிறது என்று யாரிடம் சொன்னீர்கள் கேட்பதற்கு?

மன்னிக்க வேண்டும். நூலகத்தில் குரல் உயர்த்தக் கூடாது. ‘அமைதி காக்கவும்’ என்று சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்ட ஒரே அரசு வெளியீடு அது. அதற்காவது மரியாதை தருவது என் கடமை.

ஆகவே, பணிவோடு கேட்டுக்கொள்வது:

ஒன்று. அத்தி வரதர் எழுந்தருளும் தேதியை முன்கூட்டியே அறிவித்தார்கள், சிறப்புப் பேருந்து விட்டார்கள், பந்தல் போட்டார்கள். எங்களுக்குப் பந்தல் வேண்டாம். பீரோ திறக்கும் கிழமை எது, நேரம் எது என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டினால் போதும்.

இரண்டு. பீரோவுக்குள் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல். இல்லாததை இல்லை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்று. அந்தப் பைண்டர் இருக்கிறாரா, அவர் மகன் இருக்கிறாரா, கடையாவது இருக்கிறதா என்று யாரையாவது அனுப்பிப் பார்ப்பது. ஆட்டோ செலவு என்னுடையது.

அக்கா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவராகப் பார்க்கிறார். இருபது வருடத்துக்கு முந்தைய பைண்டிங் பாக்கிக்கு அவர் என்ன செய்வார்? என் முகம் போன போக்கைப் பார்த்து, “வேணும்னா 93ஐப் பாத்துட்டுக் குடுங்க சார்” என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். எனக்கு உதவாத ஆண்டு, ஆனாலும் புரட்டினேன். ஓரம் பழுப்பேறி, தொட்ட இடம் பொடியாக உதிர்ந்தது. பெயர் மாற்றப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரிசையாக ஆட்கள். என்னைப்போல் தவிட்டுக்குப் போய் வந்தவர்கள். மதம் மாறியவர்கள். சாதிப் பெயரைப் பின்னாலிருந்து வெட்டியவர்கள். நடுவில் ஒரு பெண். அவருடைய பழைய பெயர், வேண்டாம். இனிமேல் பெண் குழந்தை வேண்டாம் என்று வீட்டார் வைத்த பெயர். கீழே அவராக வைத்துக்கொண்ட புதுப் பெயர், கையெழுத்திட்ட தேதி, ஊர்.

என்றைக்காவது ஒரு வங்கிக்காரரோ பாஸ்போர்ட்காரரோ அவரையும் கேட்பார்: நீதான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் அதிர்ஷ்டசாலி. 1993. நடுத்தட்டில், டிபன் கேரியருக்கு நேர் கீழே இருக்கிறார். அந்தப் பக்கம் முழுசாகப் பொடியாவதற்குள் அவர் வந்து கேட்க வேண்டும். கேட்கும்போது, அடுத்தவர் பேப்பரை எப்படிக் கொடுப்பது என்று யாரும் அவரிடம் சொல்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கும்,

பிச்சை (எ) இளங்கோ.
(பதிலை இருவரில் யார் பெயருக்கு அனுப்பினாலும் சரி. தபால்காரருக்கு இருவரையும் தெரியும்.)

நகல்:
1. பைண்டர் அவர்கள் – தக்க நடவடிக்கைக்காக.
2. அத்தி வரதர், அனந்தசரஸ், காஞ்சிபுரம் – 2059இல் எழுந்தருளும்போது தகவலுக்காக.