மருமவன் ஒர்க்ஸ்டேஷன் வாங்குதான்

வாலே மருமவனே, உக்காரு. ஆராய்ச்சிக்குப் பணம் வந்திருக்காம், மார்ச் 31-க்குள்ள செலவழிச்சாவணுமாம், ஒர்க்ஸ்டேஷன் வாங்கப் போறியாம். உங்கம்மை நேத்தே போன்ல சொல்லிட்டா. எந்த ஓஎஸ் போடணும்னு மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்னியாமே? கேக்க வந்தவன் கையில என்னது, அட்டவணையா? கலர் கலரா இருக்கு. முடிவைப் பண்ணிட்டு ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கே, அதைச் சொல்லு. திருநீறு எடுத்துட்டு வரட்டா?

குடு, பாப்போம். ம். முதல் கட்டம் 'தோற்றம்'. ரெண்டாவது 'டார்க் மோட்'. மூணாவது 'பயனர் சமூகத்தின் துடிப்பு'. சவத்தெ, நாலாவதுல ஒரு பென்குயின் படம். மாடு பிடிக்கப் போறவன் பல்லைப் பாப்பான், சுழி பாப்பான், ஏர்ல பூட்டி நாலு சால் ஓட்டிப் பாப்பான். நீ கொம்புல அடிச்ச பெயிண்டைப் பாத்து மார்க் போட்டிருக்கே.

சரி, அந்தப் பெட்டியில என்ன ஓடப் போவுது? புரதத்தைத் தண்ணியில மிதக்க விட்டுப் பாக்குத சிமுலேஷன், குரோமாக்ஸ்ல. நல்லது, அது பத்து நாள் விடாம ஓடும். அப்புறம்? லேப்ல ஒரு மைக்ராஸ்கோப், அதுல இருந்து வாரப் படம். அப்புறம்? கட்டுரை எழுத. ஆக மூணு சோலி. உன் அட்டவணையில இந்த மூணுல ஒண்ணுகூட இல்லயே மருமவனே. வால்பேப்பர் இருக்கு.

விண்டோஸை நான் திட்டுவேன்னு எதிர்பாத்து உக்காந்திருக்கே. திட்ட மாட்டேன். மைக்ராஸ்கோப் வித்தவன் குடுத்த சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்னா, அதுல உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. கருவிக்குப் பக்கத்துல இருக்குத பெட்டிக்கு ஓஎஸ்ஸைக் கருவிதான் தேர்ந்தெடுக்கும், நீ இல்ல. காலேஜ் கம்ப்யூட்டர் ரூம்ல சாவிக்கொத்தும் ரூட் பாஸ்வேர்டுமா காலம் தள்ளினவன் நான். கருவி கோடி ரூவா பெறும், பக்கத்துல மேசையில விண்டோஸ் எக்ஸ்பி முனகிக்கிட்டு இருக்கும். 2014 ஏப்ரல் 8-லயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிட்டான். ஆனா கருவியோட டிரைவர் அதுக்குத்தானே இருக்கு? புதுசுக்கு மாத்தணும்னா வித்தவன் சொல்லுத விலைக்கு இன்னொரு கருவியே வாங்கிரலாம். அதனால அது பாட்டுக்கு ஓடட்டும், நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்கிப் போடு. 2017 மே மாசம் வான்னாகிரைங்குத வைரஸ் வந்தப்ப இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல ஸ்கேன் மெஷின் வரைக்கும் படுத்துட்டு. வயர் இல்லாத பெட்டிக்கு அது வர வழியே இல்ல.

அதே விண்டோஸ்லதான் பத்து நாள் சிமுலேஷனையும் ஓட்டுவேன்னா, தாராளமா ஓட்டு. மாசத்துல ரெண்டாவது செவ்வாக்கிழமைன்னு ஒண்ணு வருதுல்லா? அன்னைக்குத்தான் அமெரிக்காவில அப்டேட்டை அவுத்து விடுவான். நீ ஒன்பதாவது நாள்ல இருப்பே. உனக்குத் தொந்தரவு ஆவக்கூடாதேங்குத நல்ல மனசோட, ஆள் இல்லாத நேரமாப் பாத்து, ராத்திரி மூணு மணிக்கு அதுவா ரீஸ்டார்ட் ஆவும். காலையில டீயோட போயிப் பாத்தா திரையில ஒரு மலை, ஒரு ஏரி, அது எந்த ஊர்னு தெரிஞ்சுக்க ஆசையான்னு ஒரு கேள்வி. ஓடிக்கிட்டிருந்த சோலியைத்தான் காணாது. குரோமாக்ஸ் கால் மணிக்கு ஒருதரம் செக்பாயிண்ட் எழுதி வைக்கும், அதனால நீ பிழைச்சே. பக்கத்து மேசையில சொந்தமா எழுதின பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டுதே ஒரு பிள்ளை, அது அழும். அமைப்புல போயி அப்டேட்டைக் கட்டிப் போடலாம்தான். எல்லாருக்கும் தெரியும். அழுத மறுநாள்தான் செய்வாங்க.

எக்செல் வேணுமே மாமாங்கே. ஆமா, வேணும். எக்செல் கைவண்ணத்துக்கு மரபணுக்காரங்களே சாட்சி. 'மார்ச்-1', 'செப்ட்-1'னு மரபணுவுக்குப் பேர் வச்சிருந்தாங்க. எக்செல் அதையெல்லாம் தேதின்னு நினைச்சு மாத்தி மாத்தி வச்சுது. வருசக்கணக்காப் போராடிப் பாத்துட்டு, 2020-ல பேர் வைக்குத குழு மரபணுவோட பேரையே மாத்திட்டு. அப்ப எக்செல் மாறல, மனுசனோட மரபணு மாறிச்சு. அதுக்குப் பொறவும் அதிலதான் டேட்டா வைப்பேன்னா வச்சுக்கோ.

மேக்கா? அழகுதான். கட்டுரை எழுத, விமானத்துல உக்காந்து படம் திருத்த, கான்ஃபரன்ஸ்ல தூக்கிக் காட்ட அதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா என்விடியா கார்டுல கணக்குப் போடுத 'கூடா'வை மேக்குக்கு 2019-ல வந்த பதிப்போட நிறுத்திட்டான். உன் சிமுலேஷனுக்கு வேண்டியது அந்தக் கார்டுதான். காப்பிக்கடைக்கு மேக்கை எடுத்துட்டுப் போ, கணக்கை லேப்ல விட்டுட்டுப் போ.

அப்ப லினக்ஸ். முகம் மலருது பாரு! உலகத்துலயே பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல்ல 2017 நவம்பர்ல இருந்து 500-மே லினக்ஸ்தான். விண்வெளி நிலையத்துல 2013-ல லேப்டாப்புகளை எக்ஸ்பியில இருந்து டெபியன் லினக்ஸுக்கு மாத்தினாங்க. இதெல்லாம் உன் அட்டவணையிலயே இருக்கும். நான் கேக்குதது, எந்த லினக்ஸ்? அங்கன போயித்தானே நல்ல நல்ல பிள்ளைகள் ஆறு மாசத்தைத் தொலைக்குது.

பேர்லயே விஞ்ஞானம் இருந்த ஒண்ணோட கதையைக் கேளு. சயன்டிஃபிக் லினக்ஸ். அமெரிக்காவில சிகாகோ பக்கத்துல ஃபெர்மிலேப், ஜெனிவாவுல செர்ன், ரெண்டு துகள் இயற்பியல் கூடமும் மத்த கூடங்களும் சேந்து 2004-ல வெளியிட்டது. உள்ள பெருசா விஞ்ஞானம் ஒண்ணும் கிடையாது. ரெட் ஹேட் காசுக்கு விக்குத லினக்ஸோட மூல நிரலை எடுத்து, கம்பெனி பேரையும் முத்திரையையும் நீக்கிட்டு, மறுபடி கட்டினது, அவ்வளவுதான். அதோட பெருமை என்னன்னா, வருசக்கணக்கா ஒண்ணும் மாறாது. துகளை மோத விட்டுட்டு பத்து வருசம் டேட்டாவைக் கிளறுதவனுக்கு அது எம்புட்டுப் பெரிய வரம், யோசி.

2019-ல ஃபெர்மிலேப் சொன்னான், இதே சோலியை சென்ட்ஓஎஸ் செய்யுது, நமக்கு எதுக்குத் தனியா ஒண்ணு, எட்டாம் பதிப்பு போட மாட்டோம், சென்ட்ஓஎஸ் 8-க்குப் போயிருவோம்னு. நியாயம்தானே? சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரைக்கும் ஆயுசுன்னு பேச்சு. 2020 டிசம்பர்ல, சென்ட்ஓஎஸ்ஸைக் கையில வச்சிருந்த ரெட் ஹேட் வந்து, அது 2021-ஓட முடிஞ்சுதுன்னுட்டு. எட்டு வருசம் ஒரே அறிவிப்புல போச்சு. அப்புறம் அந்த இடத்தை நிரப்ப 2021-ல அல்மாலினக்ஸ் வந்துது, ராக்கி லினக்ஸ் வந்துது. 2022 டிசம்பர்ல செர்னும் ஃபெர்மிலேப்பும் சேந்து அல்மான்னு முடிவு பண்ணினாங்க. அப்பவாவது நிம்மதியா உக்காந்தாங்களான்னா, 2023 ஜூன்ல ரெட் ஹேட் மூல நிரலைக் குடுக்குத வாசலையே குறுக்கிட்டு. அல்மாக்காரன் அச்சு அசலா நகல் எடுக்குத எண்ணத்தை விட்டுட்டு, பொருந்தி ஓடினாப் போதும்னு வழியை மாத்திக்கிட்டான்.

இலவசத்துக்கு அதான் லட்சணம், காசு குடுத்தா இந்தத் தொல்லை இல்லைன்னு நினைக்கியா? அதே செர்ன்தான் உனக்குப் பதில் சொல்லும். கல்வி நிறுவனம்னு அவனுக்குக் குடுத்துக்கிட்டிருந்த சலுகையை மைக்ரோசாஃப்ட் எடுத்துட்டு. உரிமக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல போயிட்டு. அவன் மாத்து வழி தேடி ஒரு திட்டமே போட்டான். பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு கண்டுபிடிக்கவன் பாடே இப்படி. நீ மூணு கொட்டேஷன் வாங்கி, அதுல குறைஞ்ச விலைக்காரனைப் பிடிக்கப் போறவன்.

என்ன முழிக்கே? உன் சோலிக்கு வழி இருக்கு. உபுண்டு எல்டிஎஸ் இருக்கு, ரெட்டைப்படை வருசத்துல ஏப்ரல்ல வரும், அஞ்சு வருசம் பாத்துக்கிடுவான். பிஎச்டி அஞ்சு வருசம்தானே மாமாங்கே. ஏழு ஆவும், மருமவனே. அதைக் கணக்குல வச்சா அல்மாவோ ராக்கியோ நல்லது, பத்து வருசம் தாங்கும். ஃபெடோரான்னு ஒண்ணு இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு புதுசு, ஒவ்வொண்ணுக்கும் பதிமூணு மாசம் போல ஆயுசு. எல்லாம் அன்னன்னைக்குப் புதுசா இருக்கும். ஆர்ச் அதுக்கும் மேல, பதிப்புன்னே ஒண்ணு கிடையாது, தினம் மாறும். வேலை இல்லாதவனுக்கு அருமையான பொழுதுபோக்கு.

இதுல ஒரு சிக்கலை உனக்குப் பெட்டி விக்குதவன் சொல்ல மாட்டான். கெர்னல் அப்டேட் ஆவும், என்விடியா டிரைவர் அதோட சேந்து கட்டப்படாது. மறுநாள் பெட்டியைத் திறந்தா கறுப்புத் திரை, இடது மேல மூலையில ஒரு கோடு மின்னிக்கிட்டு நிக்கும். பயப்படாதே. பழைய கெர்னல்ல பூட் பண்ணு, டிரைவரை மறுபடி போடு. செஞ்சதை ஒரு நோட்டுல எழுதி வை. கம்ப்யூட்டர்ல எழுதி வைக்காதே, திறக்காத நாள்லதான் அது வேணும்.

இப்பச் சொல்லப்போறதுதான் முக்கியம். எந்த ஓஎஸ் போட்டாலும் கணக்கு ஒண்ணுதானே வரும்னு நினைக்கே. 2014-ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ரெண்டு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வெளியிட்டாங்க. ஒரு சேர்மத்தோட என்எம்ஆர் அளவு எவ்வளவு வரணும்னு கணக்குப் பாத்துச் சொல்லும். நூத்துக்கும் மேல ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதை நம்பினது. 2019-ல ஹவாய் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சியாளர் அதே ஸ்கிரிப்டை, அதே டேட்டாவை வச்சு ஓட்டினார். விண்டோஸ் 10-லயும் மாவெரிக்ஸ்ங்குத பழைய மேக்கிலயும் ஒரே விடை. உபுண்டுலயும் மொஹாவேங்குத புதிய மேக்கிலயும் வேற விடை.

காரணம் என்னங்கே? அந்த ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டர்ல இருக்குத ஃபைல்களை 'குளோப்'னு ஒரு கட்டளை போட்டு எடுத்துக்கிடும். ஒரு வடிவத்தோட ஆற்றல் ஒரு ஃபைல்ல, அதே வடிவத்தோட என்எம்ஆர் எண் இன்னொரு ஃபைல்ல. ரெண்டு பட்டியலும் ஒரே வரிசையில வரும்னு நம்பி, முதலாவதோட முதலாவது, ரெண்டாவதோட ரெண்டாவதுன்னு ஜோடி சேத்துது. ஆனா குளோப் வரிசைக்கு உத்தரவாதமே குடுக்கல, அது ஓஎஸ் எப்படி எடுத்து நீட்டுதோ அப்படி. சில ஓஎஸ் அகர வரிசையில நீட்டிச்சு, தப்பு வெளியில தெரியல. சில ஓஎஸ் கலைச்சு நீட்டிச்சு, இவன் ஆற்றல் அவன் எண்ணோட சேந்துட்டு. விடை கொஞ்சூண்டுதான் மாறிச்சு, அதான் யார் கண்ணுலயும் படல. ஸ்கிரிப்ட் எங்கயாவது நின்னுபோயி சிவப்பு எழுத்துல கத்தியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். திருத்தினது எப்படி? வரிசைப்படுத்துன்னு ஒரே ஒரு சொல் சேத்தாங்க.

அதுக்கும் முன்னால 2012-ல ஒரு கூட்டம் மூளை ஸ்கேனை அளக்குத ஃப்ரீசர்ஃபர்ங்குத மென்பொருளைச் சோதிச்சுப் பாத்துது. அதே ஆள்களோட அதே ஸ்கேன்தான். மென்பொருள் பதிப்பு மாறினதும் பகுதிகளோட கனஅளவு சராசரியா 8.8 சதவீதம் மாறிச்சு. பதிப்பை மாத்தாம மேக்கோட ஓஎஸ்ஸை 10.5-ல இருந்து 10.6 ஆக்கினதுக்கே அதுல பாதி அளவு மாறிச்சு. ஒருத்தர் மூளை அப்டேட் போட்டு வளருததா இருந்தா, உனக்குத்தான் முதல்ல போடணும்.

அதனால அட்டவணையை அங்கிட்டு வை. கணக்குப் பெட்டிக்கு அல்மாவோ உபுண்டு எல்டிஎஸ்ஸோ, உங்க கிளஸ்டர்ல என்ன ஓடுதோ அதுவே. இங்க சரியா ஓடினது அங்கயும் ஓடணும்லா? போட்டதுக்குப் பொறவு ஒரு கட்டுரை முடியுத வரைக்கும் பாதுகாப்புத் திருத்தத்துக்கு மேல எதையும் ஏத்தாதே. மென்பொருளையெல்லாம் ஆப்டெய்னர் மாதிரி ஒரு கண்டெய்னர்ல கட்டி வை. ஓஎஸ் பதிப்பு, பைத்தான் பதிப்பு, டிரைவர் பதிப்பு மூணையும் கட்டுரையில செய்முறைப் பகுதியில எழுது, வெக்கப்படாதே. கருவிப் பெட்டி வயர் பிடுங்கின விண்டோஸ். காசு மிஞ்சினா மேக்கு வாங்கு. மிஞ்சாது.

டீ ஆறுது, குடி. கடைசியா ஒண்ணு. உங்க லேப்ல ஆறாவது வருசத்துல ஒரு அக்கா இருப்பா. எல்லாரும் பெட்டி படுத்தா அவ மேசைக்குத்தானே போறீங்க? ராத்திரி பதினோரு மணிக்கு உன் திரை கறுப்பாப் போனா வந்து நிக்கப் போறவ அவதான், உன் அட்டவணையில இருக்குத துடிப்பான சமூகம் இல்ல. நாளைக்குக் காலையில அவளுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்து, அக்கா நீங்க எது வச்சிருக்கீங்கன்னு மட்டும் கேளு. உபுண்டுன்னா உபுண்டு, ராக்கின்னா ராக்கி. எதிர்த்துப் பேசாம அதையே போட்டுக்கோ. ஃபெடோரான்னு சொன்னா மட்டும் தலையை ஆட்டிட்டு வெளிய வந்து எனக்கு ஒரு போன் போடு.