மேலாளர் மனசும் 28.33 படியும்

கேள்வி: கேட் (CAD) வரைவு மென்பொருளில் அளவுகளைச் சமன்பாட்டால் இணைக்கச் சொல்கிறார் மேலாளர். நேராக எண்ணைத் தட்டினால் ஆகாதா? (ஒரு வாசகர், டோபி காட், சிங்கப்பூர்)

பதில்: தாராளமாக ஆகும், மேலாளர் மனம் மாறாதவரை! உங்கள் டோபி காட் ரயில் நிலையமே 1987இல் ஒரே தடத்தோடு திறந்தது. 2003இல் வடகிழக்குத் தடம், 2010இல் வட்டத் தடம் வந்து சேர்ந்தன. இப்படித் தடம் சேர்ந்து ஆழம் மாறினால் படிக்கட்டும் மாறணுமே.

தள உயரம் 4200 மி.மீ., படி உயரம் 150 என்றால் 28 படிகள். உயரம் 4250 ஆனால்? 28.33. கணினிக்குச் சம்மதம்தான், காலுக்கு? அதனால் மேல்நோக்கி முழு எண்ணாக்கு, 29. உயரத்தை அந்த எண்ணால் வகு, படிக்கு 146.55. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு நீங்கள் தே தாரிக் குடிக்கப் போகலாம். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில், சமன்பாட்டால் வரும் அளவின் பக்கத்தில் சிக்மா குறி நிற்கும். ‘என்னிடம் பேசாதே, முதலாளியிடம் பேசு’ என்று அர்த்தம்.

படி உயரத்திலிருந்து எண்ணிக்கை, அதே எண்ணிக்கையிலிருந்து படி உயரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சம்பந்திகள் ‘நீங்க முதல்ல உக்காருங்க’ என்று நிற்க, பந்தியே தொடங்காது. அதனால் நீங்கள் விரும்பும் படி உயரமான அந்த 150க்குத் தனிப்பெயர் வையுங்கள். டி1, டி2 என்று விட்டால் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது.